தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் கேரம்

கேரம் கிளப்பைத் திறக்கப் போகிறார்கள் என்ற சேதி வந்தபோது நான் வாசலில் குந்தி சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கிளப் செக்ரட்டரி அண்ணன் சைக்கிளை நிறுத்தாமலே கத்திக்கொண்டு போனார்.

"நாளிக்கு தொறக்கிறோம்! ஞாயித்துக்கெழம லேடீஸ் செலக்சன், நம்ம கிளப்லதான்! ரெடியா கீறியா?"

கையில் செதிலோடு எழுந்து குதித்தேன். அம்மா மேல் மீன் தண்ணீர் தெறித்தது.

"இன்னாடி, பேய் புட்ச்சிகிச்சா? கலீஜ் பண்ணாத, கம்முனு குந்து."

எங்கே குந்துவது! ராயபுரத்தில் எங்கள் தெருமுனைக் கிளப் கொரோனாவால் பூட்டிக் கிடந்த அத்தனை மாசமும் என் விரல் அரித்த அரிப்பு கேரம் ஆடுகிறவர்களுக்குத்தான் புரியும். சோறு பிசையும்போது கூட ஆள்காட்டி விரல் தானாகச் சுண்டும். மாவட்ட டீமில் இடம் கிடைத்தால் மாநிலப் போட்டி. அதில் நன்றாக ஆடினால் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு எழுதிப் போடலாம். காலேஜ் கடைசி வருஷப் பாடத்தைப் போனில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதைவிடப் பெரிய கதவு எதுவும் கண்ணில் படவில்லை.

அந்த வாரம் ஊரே என்னைப் போலத்தான் இருந்தது. பஸ் ஓட ஆரம்பித்தது. முதல் பஸ் திருவொற்றியூர் ஹை ரோட்டில் போனபோது ஏறுகிற வேலை இல்லாதவர்கள் கூட நின்று பார்த்தார்கள். டீக்கடையில் பார்சல் பை போய் கண்ணாடி கிளாஸ் வந்தது. எண்ணூர் பக்கம் கம்பெனியில் ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்து வூட்டு அக்கா யூனிபார்மை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினாள். ஆனால் அதே வாய்தான் அடுத்த நிமிஷம் "மூணாவது அலை வர்தாமே" என்றும் சொல்லும். சந்தோஷப்படுவதற்கே ஒரு கை மாஸ்க்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அது மொட்டை மாடியில் இருந்தது.

என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். இரண்டாவது அலையில் விழுந்தார். ஆக்சிஜன் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நானும் அம்மாவும் அழுத அழுகைக்குக் கணக்கில்லை. எந்த சாமி கண் திறந்ததோ, திரும்பி வந்தார். உயிர் வந்தது, மூச்சு முழுசாக வரவில்லை. படி ஏறினால் பாதியில் உட்காருவார், பேசினால் பாதியில் நிற்பார். தடுப்பூசி போடவும் இன்னும் கொஞ்ச காலம் ஆகட்டும் என்று சொல்லியிருந்தார்கள். "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டார்" என்று டாக்டர் சொன்னது என் காதை விட்டுப் போகவே இல்லை.

அம்மா விடிந்தால் காசிமேட்டு ஏலத்தில் இடிபடுகிறவள். நான் அவளுக்குக் கூடை பிடிக்கிறவள். எங்கள் இரண்டு பேரை விட ஆபத்தான ஆட்கள் அவருக்கு யார் இருக்க முடியும்? அதனால் மாடி ஷீட் ரூமில் அவருக்குப் படுக்கை போட்டோம். சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போய் நிற்பேன். அவர் வந்து எடுத்துக்கொள்வார். ஒரு பொண்ணு பெத்த அப்பனுக்குச் சோறு வைக்கிற முறையா இது என்று எனக்கே ஆத்திரமாக வரும். என்ன செய்ய? பாசத்தைத் தள்ளி நின்றுதான் காட்ட வேண்டியிருந்தது.

சிக்கல் எங்கே என்றால், கேரம் ரூம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். எங்கள் பக்கம் கேரம் என்றால் கதவு மூடி, ஜன்னல் மூடி, ஃபேன் நிறுத்தித்தான் ஆடுவார்கள். போர்டுக்கு மேலே ஒரு விளக்கு மட்டும் தொங்கும். துளி காற்று பட்டாலும் போர்டு மேல் போட்ட பவுடர் ஒதுங்கிவிடும். பவுடர் ஒதுங்கினால் காய் நின்ற இடத்திலேயே நிற்கும். வியர்வை சொட்டச் சொட்ட, ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் இழுத்துக்கொண்டு ஆடுவதுதான் வழக்கம். கொரோனாவுக்கு அதைவிட நல்ல இடம் யார் கட்டித் தருவார்கள்?

படியடியில் நின்று நைனாவிடம் சொன்னேன். "ஜன்னல தொறந்து வச்சாத்தான் ஆடுவேன்னு சொல்லப் போறேன்."

"தொறந்தா... கடல்காத்து வருமே. நீ எப்டி அடிப்ப?"

"அடிக்காட்டி போவுது. உனுக்கு ஒட்டிகிட்டா?"

அவர் சிரித்தார். மூச்சு சேர்த்துக்கொண்டு சொன்னார். "எனுக்கு காத்து பத்தல. உனுக்கு காத்து ஆவல. சோக்கான குடும்பம்டி நம்மது." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனுக்காக உட்றாத கண்ணு. போய் ஆடு" என்றார். நான் உள்ளே போய் ஸ்ட்ரைக்கரைத் தேடி எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டங்கள் காற்று எழுவதற்கு முன்பே, ஜன்னலைத் திறந்து வைத்தே நடந்தன. நான் வரிசையாக ஜெயித்தேன். என் கை என்னை ஏமாற்றவில்லை, அம்மாடி! கடைசி ஆட்டம் பெரம்பூரிலிருந்து வந்த பெண்ணோடு. ஜெயிக்கிறவளுக்கு டீமில் இருந்த கடைசி இடம். அதற்குள் மதியம் ஆகிவிட்டது. கடல்காற்று சொல்லி வைத்த மாதிரி எழுந்து உள்ளே வந்தது. போட்ட பவுடர் எல்லாம் பெரம்பூர்க்காரியின் கறுப்பு டீ-ஷர்ட்டில் போய் உட்கார்ந்தது.

"இன்னாங்க இது, மாவு மில்லா?" என்று அவள் எழுந்துவிட்டாள்.

அம்பயர் ஜன்னலை மூடச் சொன்னார். நான் மூடக்கூடாது என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"மாஸ்க் போட்டுத்தானே ஆட்றோம்? இன்னாத்துக்கு இவ்ளோ பயம்?" என்றாள் அவள்.

"எங்க நைனா ஆக்சிஜன்ல இருந்து வந்தவரு. நான் வூட்டுக்குப் போவணும்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் கூடவே வந்து தொலைக்கும். அவள் முகம் மாறியது. ஆனால் அம்பயர் கையை விரித்தார். மூடினால் ஆட்டம், மூடாவிட்டால் ஆட்டத்தை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை என்றார். செக்ரட்டரி அண்ணன் தலையைச் சொறிந்தார். நான் ஸ்ட்ரைக்கரைப் பையில் போட்டேன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே அம்மாவின் குரல். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் எழுதி மாட்டியிருந்ததால் அவள் தெருவிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள் போல.

"யோவ் செக்ரட்டரி! மூள கீதா இல்லியா? ரூமுக்குள்ள தானே பேஜாரு? போர்ட தூக்கி தெருவுல போடு. கடல் பக்கத்த நான் அடைக்கிறேன்."

எங்கள் தெரு இரண்டு பக்கமும் சுவர் நெருக்கின சந்து. காற்று ஒரே ஒரு முனையில்தான் நுழையும். அம்மா வியாபாரத்துக்கு ஐஸ் மேல் மூடுகிற நீலத் தார்ப்பாயை எடுத்துவந்தாள். அது பத்தாது என்று மீன் விற்கிற மற்ற பெண்களும் தங்கள் தார்ப்பாய்களோடு வந்தார்கள். சந்தின் வாயில் ஆளுக்கு ஒரு மூலை பிடித்து, அந்தப் பக்கம் நின்று, தலைக்கு மேல் வரை திரையாகத் தூக்கினார்கள். காற்று முட்டிப் பார்த்துத் திரும்பியது. மேலே வானம் அப்படியே திறந்து கிடந்தது. மீன் வாடைதான் மூக்கைத் துளைத்தது. பெரம்பூர்க்காரி மாஸ்க்குக்கு மேலே கர்சீப்பையும் கட்டிக்கொண்டாள்.

போர்டில் பவுடர் போட்டார்கள். நின்றது! செக்ரட்டரி அண்ணன் கை தட்டியே விட்டார்.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது பைக்கில் ஒரு போலீஸ்காரர் வந்தார். "இன்னா கூட்டம் இங்க? வேடிக்கை பாக்கக்கூடாதுன்னு தெரியாது?"

"யாரு சார் வேடிக்க பாக்குறது?" என்றாள் அம்மா. "தபாரு, எங்க கண்ணுக்கு தார்ப்பாதான் தெரியுது. நாங்க செவுரு சார்."

அவர் எட்டிப் பார்த்தார். போர்டைப் பார்த்ததும் அவருக்கும் கொஞ்சம் ஆசை வந்தது போல, ஒரு அடி முடிகிற வரை நின்றார். "மாஸ்க்க ஏத்திப் போடுங்க, தள்ளித் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா சொன்னது நிஜம். தார்ப்பாய் பிடித்தவர்களுக்கு ஆட்டம் தெரியாது. அவர்களுக்குக் கிடைத்தது சத்தம் மட்டும்தான். காய் குழியில் விழும் ஒவ்வொரு முறையும் நீலத் துணிக்குப் பின்னால், "யாருது? நம்மளுதா?" என்று கிசுகிசுப்பு எழும். செக்ரட்டரி அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, அவர்களுக்குத் தெரியாது என்று ஞாபகம் வந்து, "நம்மளுது!" என்று கத்துவார். அம்பயர் முறைப்பார்.

அந்தக் கிசுகிசுப்பில் ஒரு ஆண் குரல் கேட்டது. ஸ்ட்ரைக்கரை வைத்த கை அப்படியே நின்றது. நைனா! மாடியிலிருந்து எப்போது இறங்கினார், யார் இறங்க விட்டது? திரும்பிப் பார்த்தேன். தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாகப் பெண்களின் கால்கள். ஓரத்தில், எல்லோரையும் விட்டுத் தள்ளி, அவருடைய ரப்பர் செருப்பு. ஒரு மூலையை அவர் பிடித்திருந்தார்.

"நைனா, மேல போ!"

"நான் செவுருடி. செவுரு... நடக்குமா? நீ அடி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, திட்டவும் தோன்றியது. எத்தனை நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும், முடித்தால்தான் அவர் உட்காருவார். அந்த ஒரே நினைப்பில் அடித்தேன். இரண்டு பேருமே சமமாக வந்துகொண்டிருந்தோம். கடைசி போர்டில் சிவப்பும் என் வெள்ளை ஒன்றும் மிச்சம். அவளுக்குக் கறுப்பு ஒன்று. நான் விட்டால் அவள் விடமாட்டாள், அந்தக் கை அப்படிப்பட்ட கை.

சிவப்பைத் தொட்டேன். நழுவிப் போய் மெதுவாக விழுந்தது. சிவப்புக்குப் பின்னால் ஃபாலோவாக என் வெள்ளையும் விழ வேண்டும், விழாவிட்டால் சிவப்பு மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைக் காய் போர்டின் எதிர்க் கட்டையை ஒட்டி நின்றது. கோணமே இல்லாத இடம். டபுள்தான் அடிக்க வேண்டும். கண்ணை மூடித் திறந்து சுண்டினேன். காய் கட்டையில் பட்டுத் திரும்பி என்னை நோக்கியே வந்து, வலது குழியில் விழுந்தது. "நம்மளுது!" என்று கத்தினார் செக்ரட்டரி அண்ணன்.

"போட்டாடா என் பொண்ணு!"

தெருவே அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நைனாவுக்கு அவ்வளவு குரல் இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. மறுநொடி தார்ப்பாயில் அவர் பிடித்த மூலை சரிந்தது. காற்று புகுந்து போர்டிலிருந்த பவுடர் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனது.

நான் ஓடினேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கை நெஞ்சில். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மண்டியிட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன். முதுகைத் தடவினேன். "நைனா, நைனா, மெதுவா, மெதுவா இழு." அம்மா தண்ணீரோடு வந்து நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கி ஏறியது.

"ஒண்ணுமில்ல," என்றார். "கத்திட்டேன்."

அவர் சட்டையெல்லாம் என் கைப் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், என் மாஸ்க் கழுத்தில் கிடந்தது. அவரை நான் கட்டிப் பிடித்திருந்தேன். இத்தனை மாசத்தில் முதல் தடவை. பதறி மாஸ்க்கை இழுத்து ஏற்றிவிட்டுப் பின்னால் நகரப் போனேன்.

அவர் என் கையை விடவில்லை.

"இருக்கட்டும் கண்ணு," என்றார். "வெளிலதானே குந்திகினு கீறோம். நல்லா காத்து வர்து."