அக்னி தீர்த்தத்தில் என் பெயர்

எனக்கு ஒன்பது வயது நிறைந்த அன்று காலை நாங்கள் இராமேஸ்வரத்தில் போய் இறங்கினோம். திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் பிறந்தநாளுக்காக யாரும் ஊர் விட்டு ஊர் போனதில்லை. கோவிலில் ஒரு அர்ச்சனை, பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு சாக்லேட், அவ்வளவுதான். அதனால் அப்பா திடீரென்று, "பாப்பா பொறந்தநாளுக்குத் தீவுக்குப் போறோம்" என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சமாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மா ரோஸ் கலரில் ஒரு கவுன் வாங்கி வந்தாள். கவுன் வந்த பிறகு சந்தேகத்துக்கு எங்கே இடம்?

உண்மையில் அந்தப் பயணம் அத்தைக்காக. அத்தை அப்பாவுக்கு அக்கா, எங்களோடுதான் இருந்தாள். அவள் வீட்டுக்காரரை, அதாவது என் மாமாவை, நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால், சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வருகிறேன் என்று போனவர். சைக்கிள் கடையில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. எங்கெங்கோ இருந்து ஆட்கள் வீட்டைத் துறந்து வந்து சேருகிற திருவண்ணாமலையிலிருந்து, அவர் எங்கேயோ துறந்து போயிருந்தார்.

பன்னிரண்டு வருடம் தகவல் இல்லையென்றால் செத்ததாகக் கணக்கு வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா அத்தையிடம் இரண்டு முறை பேச்செடுத்தார். இரண்டு முறையும் அவள் எழுந்து மாவாட்டப் போய்விட்டாள். மூன்றாவது முறைக்கு அப்பா என் பிறந்தநாளைக் கண்டுபிடித்தார். எனக்கு என்றால் அத்தை எங்கேயும் வருவாள். இதெல்லாம் எனக்குப் பதினாறு வயதில் அம்மா சொல்லித் தெரிந்தது.

பாம்பன் பாலத்தில் ரயில் நடக்கிற வேகத்தில் போனது. நான் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கீழே பார்த்தேன். தண்ணீர் நீலமாகவும் இருந்தது, பச்சையாகவும் இருந்தது. நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு என்று டீச்சர் எழுதிப் போட்டிருந்தார்கள். இறங்கிப் பார்த்தால் ஆட்டோ, டீக்கடை, பூஜை சாமான் கடை, போஸ்டர் தின்னும் மாடு. எங்கள் ஊர் சன்னதித் தெருவில் இறங்கியது போலவே இருந்தது.

"நாலு பக்கம் தண்ணி எங்கப்பா?"

"இருக்குது, இருக்குது. மொதல்ல கடல்ல குளிச்சிட்டு அப்புறம்தான் டிபன்," என்றார் அப்பா. பசியோடு நேராக அக்னி தீர்த்தத்துக்கு நடந்தோம்.

அங்கே அலையே இல்லை. கடல் ஏரி மாதிரி கிடந்தது. ஈரத் துணியோடு ஆட்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மூன்று முழுக்குப் போட்டுக் கரையேறினோம். அம்மா எனக்குக் கவுனை மாட்டிவிட்டாள். அப்பா பையைத் திறந்தார். எள், தர்ப்பை, பச்சரிசி, வாழையிலை.

அத்தை தலை துவட்டுவதை நிறுத்தினாள். "இன்னாடா இது?"

"ஒண்ணும் இல்லக்கா. வந்ததே வந்தோம்."

"கொழந்த பொறந்தநாளுன்னு சொல்லித்தான இட்டுனு வந்த?"

"அதுவும்தான். ஆனா நீ எத்தினி வருசம் இப்பிடியே உக்காந்துனு இருப்ப? ஒரு முடிவு வேணாமா?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "எனக்குப் பாக்க முடியலக்கா."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா கடலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அப்பா எதிர்பார்த்திருப்பார். அவள் திட்டவில்லை. ஈரச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சுமையை இறக்குகிறவள் போல மணலில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறந்தநாள்காரி நான், தள்ளி உட்கார எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஐயர் வந்து அப்பாவின் விரலில் தர்ப்பையை மாட்டி, உள்ளங்கையில் எள்ளை வைத்தார். காலையிலிருந்து எத்தனை பேருக்குச் சொன்னாரோ, கண் பாதி மூடியிருந்தது. மந்திரத்தின் நடுவில் நிறுத்தி, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

அத்தை மாமாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் அப்போது இல்லை. சொல்ல வேண்டியவர் அப்பா. அவர் வாயைத் திறந்தார்; அத்தையின் முகத்தைப் பார்த்தார்; மூடிக்கொண்டார்.

"பேரு சொல்லுங்கோ," என்றார் ஐயர் மறுபடியும்.

பேர், நட்சத்திரம் என்று ஐயர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் அர்ச்சனைத் தட்டோடு நின்று சொன்னதுதானே. பெரியவர்கள் இப்படித் திக்கித் தடுமாறுவது எனக்கு வெட்கமாக இருந்தது. என் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். "ரேவதி நட்சத்திரம், மீன ராசி!"

ஐயர் கண் திறக்காமலே என் பெயரை மந்திரத்தில் சேர்த்துக்கொண்டு, "ம், ஜலம் விடுங்கோ" என்றார்.

அத்தை அப்பாவின் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். எள் பறந்து வந்து என் புதுக் கவுனெல்லாம் ஒட்டியது. அம்மா, "ஐயோ, பாவி" என்று என்னை வாரிக்கொண்டாள். என்னைச் சொன்னாளா, அப்பாவைச் சொன்னாளா, தெரியவில்லை.

"எங்கொழந்தைக்கு எள்ளு எறைக்கிறியாடா?"

"தெரியாம சொல்லிடுச்சிக்கா. மாத்திச் சொல்லிக்கலாம்."

"மாத்திச் சொல்லேன், பாப்போம்! உசுரோட இருக்கறவங்க பேரு அந்த மந்திரத்துல வந்தா எப்பிடி இருக்குதுன்னு இப்பப் பாத்த இல்ல?"

அப்பா விரலிலிருந்து தர்ப்பையைக் கழற்றினார். ஐயர் இப்போது நன்றாகவே கண் திறந்திருந்தார். நல்ல மனிதர். "குழந்தைக்கு ஆயுசு கெட்டி. உள்ளே போய் சுவாமிக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடுங்கோ," என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார். கொண்டுவந்த அரிசியை அத்தை மாட்டுக்குப் போட்டாள்.

திட்டு விழும் என்று பயந்துகொண்டிருந்தேன். விழவில்லை. கோவிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக எங்கள் தலையில் கொட்டினார்கள். எட்டாவது கிணற்றில் அத்தை சிரிக்க ஆரம்பித்து, நிறுத்தவே இல்லை. கவுன் நீர் சொட்டச் சொட்ட இட்லி சாப்பிட்டோம். அப்பா ஏழு தின்றார்.

அன்றே ஊர் திரும்புவதாக இருந்தது. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "பொறந்தநாளுக்குத்தான வந்தோம்? ரூம் போடு. கேக் வாங்கு."

லாட்ஜில் ஒரு பெரிய நோட்டு வைத்திருந்தார்கள். வருகிற பெரியவர்கள் எல்லோருடைய பெயரையும் அதில் எழுத வேண்டும். பெண்களுக்கு வீட்டுக்காரர் பெயரும் வேண்டும். அப்பா அத்தையின் பெயரை எழுதி, பக்கத்தில் மாமாவின் பெயரை எழுதினார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்தார். எங்களில் அந்தப் பெயருக்கு ஆள் இல்லை.

"லேட்டுங்களா?" என்றார்.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகு வருகிறவர்களைத்தான் லேட் என்பார்கள். எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். அப்பாவின் பேனா நின்றுவிட்டது.

"ஆமா," என்றாள் அத்தை. "லேட்டாத்தான் வருவாரு."

லாட்ஜ்காரர் தலையைச் சொறிந்தார். "அதுக்கென்னம்மா, ஒரு பாய் எக்ஸ்ட்ரா குடுத்துருவோம்."

அப்பா அன்று அப்போதுதான் சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கேக் வெட்டினோம். என் உள்ளங்கை அளவு ரோஜாப்பூ வைத்த சின்னக் கேக். ஐந்தாவது பாயை நான்தான் ஜன்னல் ஓரமாக விரித்தேன். அதன் தலைமாட்டில் ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் மடித்து வைத்தேன். வருகிறவர் பசியோடு வருவார் இல்லையா? அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அத்தை அவளைக் கையமர்த்திவிட்டு, பொட்டலத்தை எடுத்து, எறும்பு ஏறாத இடமாகப் பார்த்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

மாமாவுக்குக் கேக் ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.