விரதக்காரருக்கு வைத்த குளுக்கோஸ்

மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வேலையில் முதலுதவிக்காரனாகச் சேர்ந்த புதிதில், பை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பத்திரம் என்று நினைத்தேன். இப்போது இந்த வேலைக்கு வரும் தம்பிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் அப்பா மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகு பார்ப்பவர். மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். டி.பார்ம் முடித்து, முதலுதவிப் பயிற்சியும் எடுத்துக்கொண்டு, திருச்சியில் கலைவாணி அக்கா நடத்தும் சின்ன ட்ரெக்கிங் நிறுவனத்தில் சேர்ந்தேன்.

1. பை

முதல் பயணம் முசிறிக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமாள் மலை. புரட்டாசிக் கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு வந்த சனிக்கிழமை. பாதி மலைக்கு மேல் சிக்னல் கிடையாது, கடை கிடையாது, வண்டி ஏறாது.

முந்தின நாள் ஆபீஸ் தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

“என்னடா இது, பெரியாஸ்பத்திரியையே மூட்டை கட்டுறியா? பாதி மலையில உனக்கே முதலுதவி பண்ண வேண்டியிருக்கும்.”

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, “இது இல்லைன்னா வேற எதை வச்சு சமாளிப்ப?” என்று கேட்டார். கையைத் தூக்கிக் கட்ட ஸ்லிங் வேண்டாம், துண்டு போதும். எலும்புக்கு வைத்துக் கட்ட ஊன்றுகோல் இருக்கிறது. காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், கையுறை, புண் கழுவும் மருந்து, முள் எடுக்கும் ட்வீசர், ஓ.ஆர்.எஸ். இவற்றுக்கு மாற்று இல்லை, பைக்குள் போயின.

“பாம்புக்கு ஒண்ணுமே இல்லையேக்கா?”

“அதுக்குப் பையில மருந்து கிடையாதுடா. கடிச்ச காலை ஆட்டாம, ஆளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் மருந்து.”

ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரை எடுத்து வெளியே வைத்தார். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

“வர்றவங்க மலை ஏற வர்றாங்களா, செக்கப்புக்கு வர்றாங்களா?”

“பாதிப் பேரு அறுபதைத் தாண்டினவங்கக்கா.”

“சரி, வச்சுத் தொலை. ஆனா குளுக்கோஸ் பவுடர் எதுக்கு? அதான் ஓ.ஆர்.எஸ். இருக்குல்ல?”

அதுவரை கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஜாகிர் திரும்பினான். எங்கள் வழிகாட்டி, பாலக்கரைக்காரன், என் வயதுதான்.

“நாளைக்கு சனிக்கிழமைக்கா. வர்றது ஸ்ரீரங்கத்துக் கூட்டம். பட்டினியாத்தான் வருவாங்க, ஓ.ஆர்.எஸ்.ல இருக்கிற சர்க்கரை அதுக்குப் பத்தாது. நோன்பு நாள்ல சாயங்காலம் கண்ணு எப்படி இருட்டும்னு என்னைக் கேளுங்க.”

பதிலுக்குக் காத்திராமல் பாக்கெட்டைப் பையின் பக்கவாட்டு அறையில் செருகினான்.

2. மலை

பாதி மலையில் ரங்கராஜன் மாமா பின்தங்கினார். மனைவியோடு வந்திருந்தவர். காற்று நன்றாகவே வீசியது. அவர் சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தவர், காரணமே இல்லாமல் மாமியிடம் எரிந்து விழுந்தார். விரல்கள் நடுங்கின. விரலில் குத்திப் பார்த்தேன். மீட்டர் சர்க்கரையை அறுபதுக்கும் கீழே காட்டியது.

“மாமா, காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணுமில்லை. மேல பெருமாளைச் சேவிச்சப்புறம்தான் ஜலம்கூட.”

“சுகர் மாத்திரை?”

“அதை விடுவேனா? துளி தீர்த்தத்தோட போட்டுண்டேன். அது மருந்துதானே, ஆகாரம் இல்லையே.”

வெறும் வயிற்றில் மாத்திரை, அதன் மேல் மலையேற்றம். குளுக்கோஸைக் கரைத்து நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏன்னா, பிடிவாதம் பண்ணாதீங்கோ,” என்றார் மாமி.

“எத்தனை வருஷத்து விரதம்டி இது!”

“மாமா, இப்ப நீங்களே குடிச்சாத்தான் உண்டு. மயங்கிட்டீங்கன்னா வாயில ஒரு சொட்டு ஊத்த முடியாது. அதுக்கப்புறம் என் பையில ஒண்ணுமில்லை.” அவர் கண்கள் சொருக ஆரம்பித்திருந்தன.

ஜாகிர் அவர் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“மாமா, உடம்பு முடியலைன்னா நோன்பை விட்டுடலாம், இன்னொரு நாள் வச்சுக்கலாம்னு எங்களுக்கே சலுகை இருக்கு. உங்க பெருமாள் என்ன, அதைவிடக் கண்டிப்பானவரா?”

மாமா அவனையே பார்த்தார். உதடு லேசாகக் கோணியது. அது சிரிப்பு என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. பிறகு கையை நீட்டினார். டம்ளரை நான் விடவில்லை, நானும் பிடித்துக்கொண்டேன். சொட்டு விடாமல் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. மறுபடி விரலில் குத்தியபோது அளவு ஏறியிருந்தது. மாமி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். தெம்பு வந்ததும் மாமா எழுந்து, மேலே போகலாம் என்றார். மாத்திரையின் வேலை இன்னும் முடியவில்லை, சர்க்கரை திரும்ப இறங்கலாம் என்று சொல்லி நான் மறித்தேன். எங்களோடு ஏறி வந்திருந்த அக்காவும் மறித்தார். மாமியை அக்கா மேலே கூட்டிப்போனார். மாமா நின்ற இடத்திலிருந்தே உச்சியைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு நானும் ஜாகிரும் அவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம்.

“அம்பி, நீ சொன்னது வாஸ்தவம்தான்,” என்றார் ஜாகிரிடம். “பெருமாள் அப்படியொண்ணும் கண்டிப்பில்லை. என் ஆம்படையாளைப் பத்தி மட்டும் கேட்காதே.”

அடிவாரத்திலிருந்து நேரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம்.

3. போன்

மீட்டர் என் படிப்பு வைத்தது. குளுக்கோஸ் ஜாகிரின் பசி வைத்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ. அப்பா என்னைப் படிக்க வைத்ததற்கும், ஜாகிர் அன்று அங்கே இருந்ததற்கும் சேர்த்து இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மலை என்ன கேட்கும் என்று எந்தப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துவிடும். வருகிறவர் உடம்பு என்ன கேட்கும் என்பது வருகிறவருக்குத்தான் தெரியும். ஆகவே பையைத் திறப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் போன் போடுகிறேன். என்ன மாத்திரை, எப்போது போடுவீர்கள், அன்றைக்கு விரதமா என்று கேட்கிறேன்.

போன வாரம் காட்டூர்க்காரர் ஒருவர் சிடுசிடுத்தார். “ஏன் தம்பி, பையில என்ன வைக்கணும்னு உங்களுக்கே தெரியாதா? எங்கிட்ட போய்க் கேக்குறீங்க?”

“தெரியாதுங்க. உங்ககிட்டதாங்க கேக்கணும்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “இருங்க, மாத்திரை டப்பாவை எடுத்துட்டு வர்றேன்,” என்றார்.