நிதானம் இன்னைக்கு லீவு

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. அதை வேற யாரும் கண்டுபிடிச்சுச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிடுறேன். அடுத்தவங்க டூர் போன போட்டோவைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். எரியும்னு தெரிஞ்சும் பார்ப்பேன், பெரிசு பண்ணிப் பார்ப்பேன். என் தங்கச்சி கடற்கரையில நின்னு எடுத்து அனுப்பின போட்டோவுல, அவ புருஷன் கை அவ தோள்மேல எவ்வளவு அழுத்தமா இருக்குங்கிற வரைக்கும் பார்த்து வெச்சிருக்கேன். பார்த்துட்டு, "சூப்பர்டி, அழகா இருக்கீங்க"ன்னு பதிலும் போட்டுடுவேன்.

இத்தனைக்கும் எங்க வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் டிரைவர். வருஷம் பூரா அவருக்கு டூர்தான். மலை, கடல், ஏரி, அருவின்னு சுத்தாத இடம் கிடையாது. எல்லாம் வேற யார் குடும்பத்தோடயாவது.

ஸ்டாண்டுல அவருக்குப் பேரு நிதானம். பெத்தவங்க வெச்ச பேரு எங்களுக்கே அப்பப்ப மறந்துபோகும். அநாவசியமா ஹார்ன் அடிக்க மாட்டாரு. பின்னால ஒருத்தன் அவசரப்பட்டா, ஓரங்கட்டி, "போய்ட்டு வாப்பா"ன்னு வழி விட்டுடுவாரு. கிளம்புறதுக்கு முந்தி வேனை ஒரு சுத்து சுத்தி, ஒவ்வொரு டயரையும் காலால தட்டிப் பார்த்தாத்தான் சாவியைப் போடுவாரு. மலை ஏறும்போது பின்சீட்டுல யாருக்குக் குமட்டுதுன்னு அவங்க வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே கண்ணாடியில பார்த்துட்டு, முன்னால இருக்கிற டப்பாவுலேர்ந்து ஒரு கவரும் எலுமிச்சம்பழமும் எடுத்துப் பின்னாடி நீட்டுவாரு. வேன் அவரோடது இல்ல, முதலாளியோடது. அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தா யாரும் நம்ப மாட்டாங்க.

"இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நீ கொடுத்து வெச்சிருக்கணும்"னு எல்லாரும் சொல்லுவாங்க. அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. வீட்டுல அந்த நிதானத்தோட குடித்தனம் பண்றவ நான்தானே. ஒரு கேள்வி கேட்டா, அடுப்புல வெச்ச பால் பொங்கி வழிஞ்சப்புறம்தான் பதில் வரும்.

எனக்கு ஒரு பேக்கரியில வேலை. கேக் மேல பேர் எழுதுறது. பட்டர் பேப்பரைக் கூம்பாச் சுருட்டி, க்ரீமை ரொப்பி, நுனியைத் துளியூண்டு வெட்டிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எழுதணும். கொஞ்சம் அதிகமா அழுத்தினா எழுத்து வீங்கிடும், தயங்கினா அறுந்துடும். ஊர்ல பாதிப் பேரோட பிறந்தநாளும் கல்யாண நாளும் என் கை வழியாத்தான் போகுது. அவரு அடுத்தவங்களை டூர் கூட்டிக்கிட்டுப் போவாரு, நான் அடுத்தவங்களுக்கு வாழ்த்து எழுதுவேன். நல்ல ஜோடிதான். எங்களுக்கு ஒரே பொண்ணு. "நாம எப்பம்மா போவோம்?"னு அவ கேக்கும்போதெல்லாம், "அப்பாவுக்கு லீவு கிடைக்கட்டும்டி"ன்னு சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே எனக்குக் கசந்துபோச்சு.

ட்ரிப் முடிச்சு வந்தார்னா நான் துணி மடிக்கிற சாக்குல பக்கத்துல உக்காந்து கேப்பேன். முக்கியமா அந்த மலை அருவியைப் பத்தி. மனுஷன் மத்த எதுக்கும் வாயைத் திறக்க மாட்டாரு, அருவின்னா மட்டும் கதை கதையாச் சொல்லுவாரு.

"மேலேர்ந்து விழும்போது மாவு சலிச்ச மாதிரி பொடிப்பொடியா வரும். முகத்துல வந்து ஒட்டும். பக்கத்துல நிக்கிறவங்க பேசினாக் கூடக் காதுல விழாது. ஒரு கம்பி வேலி இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்தா கீழ வானவில் தெரியும்."

கேக்குற வரைக்கும் ஆசையா இருக்கும். கேட்டு முடிச்சதும் பத்திக்கிட்டு வரும். எவளோ ஒருத்தி குடும்பத்தோட நின்னு இந்த மனுஷன் வானவில் பார்த்துட்டு வந்திருக்காரு, நான் இங்க அவரு பனியனை மடிச்சுக்கிட்டு இருக்கேன்!

அந்த எவளோ யாருன்னும் எனக்குத் தெரியும். டீச்சரம்மா. பள்ளிக்கூடத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க. மகனுங்க, மருமகளுங்க, பேரப்பிள்ளைங்கன்னு வேன் நிறைய ஆளைச் சேர்த்துக்கிட்டு வருஷா வருஷம் அந்த அருவிக்குப் போவாங்க. "நிதானம் தம்பி வந்தாத்தான் போவோம், இல்லன்னா டூரே வேண்டாம்"னு முதலாளிகிட்டயே சொல்லிடுவாங்களாம். இவரு வாயிலயும் எப்பப் பார்த்தாலும் அவங்க பேச்சுதான். ஒரு நாள், "டீச்சரம்மா பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டான்"னு பூரிச்சுப்போய்ச் சொன்னாரு.

"என் தங்கச்சி பொண்ணு ஸ்கூலுக்கே போக ஆரம்பிச்சுட்டா. அது தெரியுமா உங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

பதில் வரல. பால் பொங்கிடுச்சு.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். போன வருஷம் நடந்ததைத்தான் பொறுக்க முடியல. அவரோட பிறந்தநாளுக்கு ட்ரிப் எதுவும் எடுக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். சரின்னுதான் சொன்னாரு. ரெண்டு நாள் இருக்கும்போது, "முதலாளி கேட்டுட்டாரு, அருவி ட்ரிப்பு, மறுக்க முடியல"ன்னு வந்து நிக்கிறாரு. நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன். மறுநாள் சாயங்காலம் பேக்கரிக்கு யார் வர்றாங்க? சாட்சாத் டீச்சரம்மா. அவங்க போட்டோவை இவரு போன்ல நான் எத்தனையோ தடவை பெரிசு பண்ணிப் பார்த்திருக்கேனே, எனக்குத் தெரியாதா? அவங்களுக்குத்தான் என்னைத் தெரியாது.

"ஒரு கிலோ கேக் வேணும்மா. நாளைக்குக் காலையில டூர் போறோம், வழியில வெட்டணும்."

"என்ன பேர் எழுதணும்?"

"நிதானம் தம்பின்னு எழுதும்மா. எங்க டிரைவர். நாளைக்கு அவருக்குப் பிறந்தநாளாம், பேச்சுவாக்குல என்னிக்கோ சொன்னாரு. பாவம், வீட்டுல யாரும் கொண்டாட மாட்டாங்க போலிருக்கு."

பாவமாம்! எனக்குக் காதுல புகை வந்துச்சு. நான்தான்மா அந்த வீடுன்னு சொல்லியிருக்கலாம். கூம்பை எடுத்தேன், மூச்சைப் பிடிச்சேன், எழுதினேன். என் புருஷன் பேரை, என் கையால, அவங்க கேக்குல.

"பக்கத்துல ஒரு பூவும் போட்டுடும்மா"ன்னாங்க.

"பூவுக்குத் தனி காசு"ன்னேன். எங்க கடையில பூவுக்குக் காசே கிடையாது. அவங்க சிரிச்சுக்கிட்டே, "அதுக்கென்ன, ரெண்டாப் போடு"ன்னாங்க. அதுக்கு மேல என்ன பண்றது? ரெண்டு பூ போட்டேன், காசும் வாங்கல.

மறுநாள் அவரு ட்ரிப் முடிச்சு வரும்போது டிஷ்யூ பேப்பர்ல ஒரு துண்டு கேக்கைச் சுத்தி எடுத்துட்டு வந்து, "உனக்குன்னு எடுத்து வெச்சேன், சாப்பிட்டுப் பாரு"ன்னு நீட்டினாரு. பூ இருந்த துண்டு.

"அந்த ருசி எனக்குத் தெரியும். அந்தப் பூவைப் போட்டவளே நான்தான்!"

அப்புறம் என்ன, வீடே ரெண்டாச்சு. "வீட்டுல யாரும் இல்லாத பாவப்பட்ட ஆளா நீங்க? ஊருக்கெல்லாம் தம்பி, எங்களுக்கு யாரு?"ன்னு கேட்டேன். "அருவி உங்களுக்கும் டீச்சரம்மாவுக்கும், டிஷ்யூ பேப்பர் எனக்கா?"ன்னு கேட்டேன். அவரு அந்தக் கேக் துண்டை மேஜைமேல வெச்சாரு. எனக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டினப்புறம் மெதுவா, "முதலாளிகிட்ட வேனைக் கேக்குறேன். நாம மூணு பேரும் போலாம். அதே அருவிக்கு"ன்னாரு.

உண்மையைச் சொன்னா, எனக்கு அருவி கூடப் பெரிசில்ல. அந்த மனுஷன் ஒரே ஒரு நாள், முழுசா எங்க ஆளா இருக்கணும். அவ்வளவுதான் என் பேராசை.

ரெண்டு தடவை தள்ளிப்போச்சு. கடைசியா, சீசன் இல்லாத ஒரு நாளாப் பார்த்து முதலாளி வேனைக் கொடுத்தாரு. அத்தனை பெரிய வேன்ல மூணே பேரு. பொண்ணு ஒரு சீட்டையும் விடாம மாறி மாறி உக்காந்து பார்த்தா. நான் முன்னாடி அவரு பக்கத்துல. கண்ணாடியில கொத்தா சாவி வளையம் தொங்கிக்கிட்டிருந்துச்சு, மீனு, பொம்மை, மரத்துல செஞ்ச இதயம்னு.

"இதெல்லாம் யாரு கொடுத்தது?"

"ட்ரிப் வந்தவங்க ஞாபகமாக் கொடுத்துட்டுப் போவாங்க."

"எங்களுது எங்க?"

அவரு கியரை மாத்தினாரு.

மலைமேல வேனை நிறுத்தினதுமே பக்கத்து டீக்கடையிலேர்ந்து ஒரு அம்மா, "வா நிதானம்! சர்க்கரை கம்மி, டிகாஷன் தூக்கல், சரிதானே?"ன்னு குரல் கொடுத்தாங்க. போச்சுடா, இங்கயும் ஒருத்தியான்னு எனக்கு ஆரம்பிச்சுடுச்சு. நாலஞ்சு டிரைவருங்க வந்து சூழ்ந்துக்கிட்டாங்க. ஆளாளுக்கு அவரு முதுகுல தட்டினாங்க. எங்க வீட்டுல ஒரு நாள் பூரா பேசுறதை அவரு அங்க ஒரு டீ குடிக்கிற நேரத்துல பேசி முடிச்சாரு.

"நீதான் வீட்டுக்காரம்மாவா?"ன்னு டீக்கடை அக்கா என்னைக் கேட்டாங்க. "போன வருஷம் இதோ, இந்த இடத்துலதான் அந்த டீச்சர் குடும்பம் இவருக்குக் கேக் வெட்டினாங்க. நாங்கெல்லாம் கை தட்டினோம்."

"இங்கயா? அருவிகிட்ட வெட்டலையா?"

"அவங்க வெட்டிட்டு மேல போயிட்டாங்க. இவரு இங்கதானே இருப்பாரு."

எனக்கு அது சரியா மண்டையில ஏறல. டீயைக் குடிச்சுட்டு, "சரி, கிளம்பலாம், எந்தப் பக்கம்?"னு கேட்டேன். கடைக்குப் பின்னால பாதை ரெண்டாப் பிரிஞ்சுது. அவரு அந்தப் பாதையைப் பார்த்தாரு, இந்தப் பாதையைப் பார்த்தாரு. கையில சாவியை உருட்டினாரு. அப்புறம் டீக்கடை பக்கம் திரும்பி, சின்னக் குரல்ல கேட்டாரு.

"அக்கா, அருவிக்கு எதுல போகணும்?"

டீக்கடை அக்கா டம்ளரைக் கழுவுறதை நிறுத்திட்டுப் பார்த்தாங்க. நானும் பார்த்தேன்.

"நீங்க மேல போனதே இல்லையா?"

"எல்லாரோட பையும் வண்டியில இருக்கும்ல. வண்டியை விட்டு நகரக்கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு. டீச்சரம்மா கூப்பிடத்தான் செய்வாங்க. நான் போறதில்ல."

"அப்ப அந்த மாவு சலிக்கிறது? கம்பி வேலி? வானவில்?"

"இறங்கி வரும்போது ஈரத்தோட ஏறி உக்காந்து எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க. அதையெல்லாம் கேட்டு வெச்சுப்பேன்." கொஞ்சம் தயங்கினாரு. "வீட்டுக்கு வந்தா நீ கேப்பியே."

எனக்கு அழுகை வந்துச்சு. அதைவிட ஆத்திரம் வந்துச்சு. இத்தனை வருஷம் எதைப் பார்த்து வயிறெரிஞ்சேன்? வண்டி நிறுத்துற ஒரு மண் தரையைப் பார்த்து! இந்த மனுஷன் இங்க கல்லுமேல உக்காந்து டயரைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு, நான் அங்க அவரு வானவில்லுக்காகக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்திருக்கேன். "நடங்க"ன்னேன். வேற எதுவும் சொன்னா உடைஞ்சிடுவேன்னு பயமா இருந்துச்சு.

மேல ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு வேன் தெரியுதான்னு திரும்பிப் பார்த்தாரு. பொண்ணு அவரு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே போனா.

அருவி வந்துச்சு. சீசன் இல்லையா, பாறையில தண்ணி ஏதோ குழாய் ஒழுகுற மாதிரி இறங்கிக்கிட்டிருந்துச்சு. மாவும் இல்ல, மண்ணும் இல்ல. கம்பி வேலி மட்டும் இருந்துச்சு. அவரு அதைப் பிடிச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பார்த்தாரு. முகமே சின்னதாப் போச்சு.

"வானவில் இருக்கும்னாங்களே"ன்னாரு, ஏதோ எங்களுக்குக் கெட்டுப்போன சரக்கை வித்துட்ட மாதிரி. "டீச்சரம்மா மருமக கூட சொன்னாங்களே..."

"காது கேக்குதே, அது போதும். பேசலாம்"னேன்.

அப்ப பக்கத்துல ஒரு பெரிய குடும்பம் வந்து வரிசையா நின்னுச்சு. அதுல ஒருத்தர், இவரு காக்கிச் சட்டையையும் கையில இருந்த சாவியையும் பார்த்துட்டு, "டிரைவரண்ணே, எங்களை ஒரு போட்டோ எடுங்களேன்"னு போனை நீட்டினாரு. இவரு கை பழக்கதோஷத்துல தானா நீண்டுடுச்சு. ரெண்டு அடி பின்னாடியும் போயிட்டாரு, எல்லாரும் போட்டோவுக்குள்ள வர்ற மாதிரி.

நான் குறுக்க போய் நின்னேன்.

"அவரு இன்னைக்கு லீவு"ன்னேன். "நீங்க எங்களை எடுங்க."

அந்த ஆளு பயந்துட்டாரு போல, மறுபேச்சு இல்லாம என் போனை வாங்கிக்கிட்டாரு. பொண்ணு முன்னால நின்னா. இவரு என் பக்கத்துல வந்து நின்னாரு, ஆனா கையை எங்க வெக்கிறதுன்னு தெரியல. பாக்கெட்ல விட்டாரு, பின்னாடி கட்டினாரு. எத்தனையோ குடும்பத்தை எடுத்திருக்காரு, இந்தப் பக்கம் நின்னதே இல்ல. நானே அந்தக் கையை எடுத்து என் தோள்மேல வெச்சேன். "அழுத்தி வைங்க"ன்னேன். வெச்சாரு.

கீழ இறங்குறதுக்குள்ள தங்கச்சிகிட்டேர்ந்து மெசேஜ். "அருவி எப்படிக்கா? போட்டோ போடு, எல்லாரும் கேக்குறாங்க."

அருவியை மட்டும் எடுத்து வெச்சிருந்த ஒண்ணை அனுப்பினேன். "தண்ணியே இல்லையேக்கா, பாவம்"னு பதில் போட்டா. போடட்டும். அவரு நிக்கிற போட்டோவை நான் யாருக்கும் அனுப்பல. அனுப்பினா எவளாவது பெரிசு பண்ணிப் பார்ப்பா. எனக்குத் தெரியாதா?