நான் மழித்த தாடி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பும் பள்ளிக்கூடத்தோடு சரி. பிழை இருந்தால் விசுவாசிகளான நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெருமைக்காக எழுதவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் எங்கள் சபை நடத்தும் வீடற்றோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். புதிதாக யார் வந்தாலும் முதலில் தலைமுடியை ஒட்ட வெட்டி, முகத்தை மழித்து, குளிப்பாட்டுவோம். அதன்பிறகுதான் சோறு. பேன், சிரங்கு மற்றவர்களுக்குத் தொற்றக்கூடாது என்று வைத்த முறை. முடி வெட்டுவது என் பொறுப்பு.

போன ஐப்பசி மழையில், பஸ் நிலையத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். பெயர் கேட்டால் விழித்தார். பேச்சு வரவில்லை. நான் மெஷினை எடுத்ததும், நெஞ்சு வரை தொங்கிய தாடியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"கைய எடு மாமா. மாப்பிள்ள மாதிரி ஆக்கிடுறேன் பாரு," என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானே அவர் கையை விலக்கினேன். அழுதார். மழித்துவிட்டேன். அதிலிருந்து அவர் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து லால்பேட்டையிலிருந்து ஒருவர், காணாமல் போன தன் அத்தாவை, அதாவது அப்பாவைத் தேடி வந்தார். அவருடைய அம்மா முழங்கால் வலியால் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். மகன் போனில் படம் காட்டினார். தொப்பி, நெஞ்சு வரை வெள்ளைத் தாடி.

"இவ்ளோ தாடி வெச்சவங்க யாரும் இங்க இல்லீங்க பாய்," என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். முந்தாநாள் அந்தத் தாடியை வாரிக் குப்பையில் போட்ட எனக்கே உறைக்கவில்லை.

உள்ளே போனேன். பெரியவர் துண்டால் தலையை மூடி, மேற்கே பார்த்து, தரையில் நெற்றியை வைத்திருந்தார். படத்தில் பார்த்தவர் இவர்தான். வாசலுக்கு ஓடினேன். ஆட்டோ இல்லை. போன் நம்பர் வாங்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. அடுத்து கடலூர், பாண்டி என்று தேடப் போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

குளியலறையில் முட்டி போட்டேன். "ஆண்டவரே, ஒருத்தர் முகத்தையே அழிச்சுட்டேன். அவங்களத் திருப்பி அனுப்பும்." வேறு ஜெபம் வரவில்லை. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது அதே ஆட்டோ வாசலில் நின்றது. அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டு இறங்கினார். பஸ் நிலையத்தருகே காய்கறி வாங்கிக்கொண்டிருந்த எங்கள் இல்லத்து ஆட்கள் இருவரைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலை. விசாரித்தபோது, உள்ளே வந்ததும் எல்லாருக்கும் மழித்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தாடியத் தேடுனா எப்படிடா கிடைப்பாரு? ஆளத் தேடு," என்று மகனைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தார். பெரியவருக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"நிக்காஹ் அன்னிக்கு இப்படித்தான் இருந்தாரு," என்றார். சிரித்தார். கண்ணீர் வழிந்தது. பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாம்மா மழிச்சேன்," என்றேன். தலை நிமிரவில்லை.

"முடிதானே தம்பி, வளந்துடும். மொதல்ல இவருக்குச் சோறு போடு."

அந்த அம்மா ஊட்டினார். அவர் சாப்பிட்டார்.

என் ஆண்டவருக்கு நன்றி. என் வெட்கம் இன்னும் போகவில்லை, போகவேண்டாம் என்றே கேட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் ஒருவர் தலையைத் தொடுமுன் அவரைக் கேட்கிறேன். வேண்டாமென்றால் மருந்தும் பேன்சீப்பும்தான். தப்பு செய்தவன் கூப்பிட்டாலும் ஆண்டவர் கேட்கிறார். தலை குனிந்தபடியே அவரிடம் போங்கள்.

அந்த அம்மா வந்த மறுநாள் காலை புதிதாக இருவர் வந்தார்கள். முதலில் சோறு போட்டோம்.