பிடுங்கிக்கொள்ளும் சர்வர்

ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ஐயையோ அக்கா’. ஆம்புலன்ஸ்களுக்கு வழி காட்டும் கம்பெனியில் சர்வர்களை, அதாவது அந்த வழியைக் கணக்குப்போடும் கம்ப்யூட்டர்களை, பார்த்துக்கொள்கிறவள். எதைத் தொட்டாலும் முதலில் ஓர் ஐயையோ வரும், அப்புறம்தான் விரல் நகரும். கணவன் அந்த ஆம்புலன்ஸ்களில் ஒன்றை ஓட்டுகிறான். பாதி ஐயையோ அவனுக்காக.

இணையம் வழியாக வாடகைக்குக் கிடைத்த கிளவுட் சர்வர்கள் இரண்டு ரகம். ஒன்று, வழி சொல்ல மூன்று நொடி யோசிக்கும். ஆனால் இடத்தைவிட்டு நகராது. இன்னொன்று, அதே வாடகைக்குப் பறக்கும். ஆனால் கொடுத்தவனுக்குத் தேவைப்பட்டால் இரண்டே நிமிடம் முன்னால் சொல்லிவிட்டுப் பிடுங்கிக்கொள்வான்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “ஆம்புலன்ஸுக்கு வழி சொல்றவங்க நாமளே நொண்டலாமாம்மா?”

“பிடுங்கிட்டான்னா சார்?”

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?”

வேகத்தை எல்லோருமாகச் சோதித்துக் கைதட்டினார்கள். பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. பாதி வண்டிகளுக்கு வழி சொல்லும் வேலையை அதில் ஏற்றியாயிற்று.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது திரையில் சிவப்புப் பட்டை: இரண்டு நிமிடம்.

“ஐயையோ!”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வண்டிகளை ஒவ்வொன்றாக நிதான சர்வருக்குத் தள்ளினாள். வரைபடத்தில் புள்ளிகள் அணைந்து மறுபடி எரிந்தன. ஒன்று மட்டும் எரியவில்லை. அவள் கணவனுடையது. உள்ளே நோயாளி இருக்கிறார்.

ரேடியோவில் அவன் கத்தினான். “ஏம்மா, வழியைக் காணோம்! பாலம் தாண்டி ரோடு ரெண்டாப் பிரியுது. எந்தப் பக்கம்?”

பக்கத்துத் திரையில் பாலத்தைத் தேடினாள். “இடது... இரு... ஆமா, இடது.”

“நிச்சயமாவா?”

“போயேன்யா!” குரல் கீச்சென்று உடைந்தது.

புள்ளி திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“அதான் சமாளிச்சாச்சே! இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு...” என்றார் மேனேஜர்.

“நான் இருந்தேன், சமாளிச்சேன். நாளைக்கு எனக்கு லீவு சார். இதே பட்டை வந்தா யாரு உக்காருவீங்க?”

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். ஒருத்தர் ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். இன்னொருத்தருக்கு, அடிக்காத போனில் அவசர அழைப்பு.

“சரி, சரி. மூணு நொடிதானே, பொறுத்துக்கலாம். பறக்கிறதை விட்டுத் தொலை.”

‘நிச்சயமாக ரத்து செய்யவா?’ என்று திரை கேட்டது. அவர் மனம் மாறுவதற்குள், ஓர் ஐயையோ சொல்லிவிட்டு அழுத்தினாள்.