மஹ்ஜபினும் மூன்று பச்சைப் புள்ளிகளும்

கொடைக்கானல் பஜாரில் சஃபீரின் ஸ்வெட்டர் கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. அவர் மனைவி மஹ்ஜபினுக்கு அங்கேதான் வேலை. மழலையர் பள்ளி ஆசிரியைப் பயிற்சியை ஃபோனிலேயே நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு மலைப்பகுதிப் பொறுப்பாளர் அவள். கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலைக் கிராமத்துப் பெண்கள் அவரவர் ஊரிலிருந்தே வீடியோ பாடம் பார்ப்பார்கள். ஒழுங்காகப் பார்த்தவர் பெயருக்குப் பக்கத்தில் இவள் கணினியில் பச்சைப் புள்ளி விழும். டிமிக்கி கொடுத்தால் சிவப்பு.

அடுத்தவர் படிக்கிறாரா என்று வேவு பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் மஹ்ஜபின் ஃபோனில் பேசினால் வேவுக்காரி மாதிரி இருக்காது. கீழே என் டீக்கடை வரை கேட்கும்.

“ஏம்மா, உன் பேரு செவப்பாவே கெடக்கு. உடம்புக்கு முடியலையா, இல்ல வீட்டுக்காரரு ஃபோனைத் தூக்கிட்டுப் போயிட்டாரா?”

பாதி நேரம் வீட்டுக்காரர்தான். அவரையும் கூப்பிட்டு ஒரு பிடி பிடிப்பாள். மேல்மலையில் பல ஆண்கள் இவள் நம்பரைப் பார்த்தாலே ஃபோனை மனைவியிடம் நீட்டிவிடுவார்களாம்.

அவள் கல்யாணமாகி, பிள்ளைகளும் பெற்ற பிறகு தபால் வழியில் பட்டம் வாங்கியவள். புத்தகம் தபாலில் வரும். படித்தாயா என்று கேட்க ஒரு நாதி கிடையாது. “ஒருத்தராவது திட்டியிருந்தா இன்னும் நல்லாப் படிச்சிருப்பேன்” என்பாள். அந்தக் குறையைத்தான் இப்போது ஊருக்கெல்லாம் தீர்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒருநாள் திண்டுக்கல் தலைமை அலுவலகத்திலிருந்து ராஜ்மோகன் கூப்பிட்டார். பாடம் ஓடும்போது நடுநடுவே ‘இருக்கிறீர்களா?’ என்று திரையில் கேள்வி வரும். ‘இருக்கிறேன்’ என்று அமுக்க வேண்டும். மேல்மலையில் பூண்டி கிராமத்தில் வேலம்மா, ஜோதிமணி, சண்முகசுந்தரி மூவரும் எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து அமுக்குகிறார்கள்.

“மூணு ஃபோனையும் ஒரே ஆளுதான் அமுக்குது மேடம். நேர்ல போய்ப் பாருங்க. உண்மைன்னா பரீட்சைக்கு மூணு பேரு பேரையும் அனுப்ப மாட்டோம்.”

மஹ்ஜபினுக்குப் பகீரென்றது. அக்கம்பக்க ஊர்களில் வரும் ஜூனில் மழலையர் பள்ளிகள் திறக்கின்றன. சான்றிதழ் இருந்தால் வேலை. இல்லையென்றால் அந்த மூவருக்கும் மறுபடி பூண்டுக் காட்டு வேலைதான். “என் பொண்ணுங்க அப்படிச் செய்ய மாட்டாங்க சார்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் பூண்டிக்குப் போனாள்.

சிக்னல் கிடைக்கும் மேட்டில், ஒரு பாறைமேல் வேலம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று ஃபோன். மற்ற இருவரும் கீழே காட்டில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். திரையில் கேள்வி வந்தது. வேலம்மா வரிசையாக மூன்றையும் அமுக்கினாள். மஹ்ஜபின் நேரே போய் அவள் முன்னால் நின்றாள்.

“அடடே, வாங்க மேடம்!” வேலம்மா முகத்தில் துளி பயமில்லை. “ஒக்காருங்க. இன்னைக்கு என் மொறை.”

“என்ன மொறை?”

“எங்க காட்டுல பூண்டெடுக்க அவங்க ரெண்டு பேரும் வருவாங்க. அவங்க காட்டுக்கு நான் போவேன். அது மாதிரிதான் மேடம் பாடமும். ஒருத்தி பாத்துட்டு வந்து மத்தவங்களுக்குச் சொல்லணும்.”

அந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான். கூலி கிடையாது, வேலைக்கு வேலை. ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி வேலைக்குப் போனால் அந்த வீடே போன கணக்கு. பாடத்தையும் அவர்கள் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

“இது பூண்டு இல்லம்மா, படிப்பு!” என்று மஹ்ஜபின் போட்ட சத்தத்தில் மற்ற இருவரும் மண் கையோடு ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சண்முகசுந்தரி அழ ஆரம்பித்தாள். “திருட்டுத்தனம்னு நெனைக்கலையே மேடம்.”

மஹ்ஜபின் ஜோதிமணி பக்கம் திரும்பினாள். “போன வாரம் வேலம்மா பாத்த பாடம் என்ன? நீ சொல்லு.”

முதல் நாள் பள்ளிக்கு வரும் குழந்தை அம்மாவை விடாமல் அழுதால் என்ன செய்வது என்ற பாடம் அது. ஜோதிமணி சொல்லவில்லை, நடத்தியே காட்டினாள். அழுதுகொண்டிருந்த சண்முகசுந்தரியே குழந்தையாகி மஹ்ஜபின் காலைக் கட்டிக்கொண்டாள். ஜோதிமணி குனிந்து ஏதோ கதை பேசி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசியில் நாலு பேரும் சிரித்துவிட்டார்கள்.

மஹ்ஜபின் எதையும் மறைக்கவில்லை. அங்கிருந்தே ராஜ்மோகனைக் கூப்பிட்டாள். “நீங்க சொன்னது சரிதான் சார். ஒரே ஆளுதான் அமுக்குது. ஆனா மூணு பேரும் படிச்சிருக்காங்க. நீங்களே கேளுங்க.”

அவர் கேட்டார். துருவித் துருவிக் கேட்டார். மூவரும் பதில் சொன்னார்கள். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “சரி மேடம். ஆனா மூணு பேரு பேரையும் இப்பவே செவப்பாக்கிடுறேன். பாக்காத பாடத்தை எல்லாம் ஒவ்வொருத்தரும் தனித்தனியா பாத்தாகணும். ஞாயித்துக்கெழமை சாயங்காலத்துக்குள்ள பச்சை விழணும். விழலைன்னா பேரு போகாது.”

மஹ்ஜபின் சந்தோஷமாக அவர்கள் பக்கம் திரும்பினாள். மூன்று முகங்களும் வாடிக் கிடந்தன.

“பூண்டு மண்ணுக்குள்ள கெடக்கு மேடம்” என்றாள் வேலம்மா. “மழை வர்ற மாதிரி இருக்கு. வெரசா எடுக்கலைன்னா அழுகிரும்.”

“நான் வந்து எடுக்குறேன்” என்றது மஹ்ஜபினின் வாய், அவளைக் கேட்காமலே. “எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வர்றேன்.”

“சீசன் நேரம், கடையை யாரு பாக்குறது?” என்றார் சஃபீர், அன்று ராத்திரி வீட்டில்.

“பூட்டுங்க.”

சனிக்கிழமை வெள்ளனே இருவரும் காட்டில் இறங்கினார்கள். மஹ்ஜபின் பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வந்தது, பூண்டு மண்ணிலேயே நின்றது. சஃபீர் வரப்பில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார். மேலே மூன்று பெண்களும் ஆளுக்கொரு பாறையில், ஆளுக்கொரு ஃபோனோடு. வாய் பேசக் கூடாது என்பது மஹ்ஜபின் உத்தரவு.

ஞாயிறு மாலை கடைசிப் பாத்தி முடிந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. மஹ்ஜபின் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிப்போய்த் தன் ஃபோனில் பட்டியலைத் திறந்தாள். மூன்று பெயர், மூன்றும் பச்சை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேலம்மா பக்கத்தில் வந்து நின்றாள். “ரெண்டு பேரா ரெண்டு நாளு எங்களுக்கு வந்திருக்கீங்க மேடம். உங்களுக்கு நாங்க என்னைக்கு வரணும்?”

சஃபீர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே, “கடையில சரக்கு அடுக்குற சோலி ஒண்ணு...” என்று ஆரம்பித்தார். மஹ்ஜபின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பரீட்சை அன்னைக்கு வாங்க” என்றாள். “மூணு பேரும் வந்தாத்தான் கணக்கு தீரும்.”