தேய்க்கிற கை

நூற்றிருபது. கனகரத்தினத்தின் சட்டைப் பையில் நாலாக மடித்துக் கிடக்கும் அரத்தாளின் இலக்கம் அது. தேநீர்க் கடையில் பிளேன்ரீ வருவதற்குள் அதை வெளியே எடுத்து மேசை ஓரத்தைத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். கடைக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் கடையில் யாருடைய சாரமும் சிலும்பில் கொழுவிக் கிழியாத மேசை அது ஒன்றுதான்.

வயது ஐம்பத்து மூன்று. சல்லிக் கிராமத்துக் கரையில் இருபத்தெட்டு வருடமாக ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறார். எந்தப் படகு வந்தாலும் முதலில் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுப்பார்; பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். கை எங்கே நிற்கிறதோ அங்கே அரத்தாள் இறங்கும். "புடைச்சது தண்ணியைப் பிடிக்கும், தண்ணியைப் பிடிச்சது மண்ணெண்ணெய் குடிக்கும்" என்பது அவருடைய வேதம். படகுக்குச் சொன்னதை அவர் உலகத்துக்கே பொருத்திவிட்டார். "இந்த மனுசன் ஒரு கிழமை கரைக்குப் போகாமல் வீட்டில நிண்டா, என்ர அகப்பை ஈர்க்காப் போயிடும்" என்று மனைவி இராசமலர் அயலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் வில்லெய்யப் போவார். சாம்பல்தீவில் ஒரு தரிசுக் காணி; எட்டுப் பேர் கொண்ட சங்கம்; கிழிந்த வலைகளை அடைத்துக் கட்டிய அரிசிச் சாக்குகள்தாம் இலக்கு. குறிகாட்டும் கருவி எதுவும் பூட்டாத பழைய முறை மரவில். அங்கே எவருடைய வில்லுக்கு நோவு வந்தாலும் வைத்தியம் அவருடையது. "கனகண்ணன்ட கை பட்டாச் சரி" என்பது சங்கத்தின் வாய்ப்பாடு. இப்போது அந்த வசனத்தைக் கேட்டால் அவருக்கு முதுகுத் தண்டு கூசுகிறது.

விசயம் இதுதான். கிண்ணியாவிலிருந்து வரும் லைலா, கணித ரீச்சர், ஏழு மாதம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து ஒரு றைசர் எடுப்பித்தார். மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டும் வில்லில் கை பிடிக்கிற நடு மரம் அது. சங்கத்தில் அதற்கு நடுக்கட்டை என்று பெயர். தபால் கந்தோரில் பெட்டியை எடுத்த கையோடு, அதைப் பிரிக்காமலே ரீச்சர் கனகரத்தினத்தின் கொட்டிலுக்கு வந்தார்.

"கனகண்ணன், ஒருக்காப் பாருங்க. கடல் தாண்டி வந்த சாமான், எங்கயும் வெடிச்சுக் கிடிச்சு இருக்கும். அம்பு இருக்கிற இடத்துக்கு ஒரு துண்டுத் தோலும் ஒட்டி, சனிக்கிழமை கொண்டு வாங்க."

"வைச்சிட்டுப் போங்க ரீச்சர். என்ர பிள்ளை மாதிரிப் பார்ப்பன்."

பார்த்தார். கருஞ்சிவப்பு மரம், நடுவே நூல் போல ஒரு வெளிர்க் கோடு. தட்டினார். கோயில் மணியின் நாக்கைத் தொட்டது போல ஒரே சத்தம், எங்கும் பொத்தல் இல்லை. மோந்தார். கையில் தூக்கி நிறுத்தினார். பாரம் தானாகவே கீழே இறங்கி அமைதியாக நின்றது. 'வேலைகாரன்' என்று முகம் தெரியாத அந்த மனிதனை மனதுக்குள் மெச்சினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

கை நின்றது. பெருவிரலின் அடி படுகிற இடத்தில் ஒரு புடைப்பு. அரை நெல்லிக்காய் அளவு. 'இவ்வளவும் செய்தவன் இதைத் தேய்க்க மறந்து போனானே' என்று அவருக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. பத்து நிமிடம். புடைப்பு போயிற்று. எண்ணெய் தொட்டுத் துடைத்தார். வாழ்நாளில் அவ்வளவு வழுவழுப்பாக அவர் எதையும் தேய்த்ததில்லை.

தோலை ஒட்டி முடித்துப் பெட்டியில் திருப்பி வைக்கும்போதுதான் அடியில் கிடந்த கடதாசியைக் கண்டார். ஒரு இடது கையின் கோட்டுப்படம். பென்சிலால் சுற்றி வரைந்தது. பெருவிரல் மட்டும் ஒரு மாதிரி விறைத்து நின்றது. அதற்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு ரீச்சரின் எழுத்து. ஆங்கிலம் அவருக்கு மட்டுமட்டு. ஆனாலும் 'உடைந்தது', 'மடங்காது', 'இங்கே உயர்த்தவும்' என்ற மூன்றும் விளங்கின. ரீச்சர் பேசும்போது இடது கையை எப்போதும் முந்தானைக்குள் வைத்திருப்பது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கதிரையில் இருந்தார். பிறகு கடதாசியை இருந்த இடத்திலேயே வைத்துப் பெட்டியை மூடினார்.

சனிக்கிழமை காணியில் நடுக்கட்டை கை மாறிக் கை போனது. கிண்ணியா மஹ்ரூப், ஓட்டோக்காரர், தடவிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ், ஆட்டுக்குட்டிட காது மாதிரி இரிக்கு! ரீச்சர், இத வெச்சி எய்றதா, தலைக்கு வெச்சிப் படுக்கிறதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கனகரத்தினமும் பல்லைக் காட்டினார்.

ரீச்சர் நாணை இழுத்தார். விடும் நேரத்தில் கட்டை கைக்குள் புரண்டது. அம்பு சாக்கைத் தொடாமல் மணலில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. ரீச்சர் திரும்பிக் கனகரத்தினத்தைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்லத்தான் கனகரத்தினம் வாயைத் திறந்தார். வந்த சொல் வேறு.

"காத்து, ரீச்சர்."

பனையோலை ஒன்றுகூட அசையவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் அவர் எதையும் தேய்க்கவில்லை. கடை மேசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். வீட்டில் அகப்பை அகப்பையாகவே கிடந்தது. "என்னப்பா, சுகமில்லையே? மருந்துக்குப் போவமோ?" என்று இராசமலர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு படகுக்காரர் வந்து, "அண்ணை, உங்கட கை பட்டாச் சரி" என்றபோது, அவர் எழுந்து கொட்டிலின் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை ரீச்சர் பன்னிரண்டு அம்பு எய்தார். சாக்கில் நின்றவை இரண்டு. மறுநாள் மாவட்டப் போட்டி.

"கட்டை வடிவு, ரீச்சர். கைதான் இன்னும் பாடமாக்கல்ல போல" என்றார் மஹ்ரூப்.

"ஓம் நானா" என்றார் ரீச்சர். குரல் தாழ்ந்து போயிருந்தது. "கட்டையச் செஞ்ச மனிசன் எண்ட அளவப் பார்த்துத்தான் செஞ்சவர். உயர்த்த வேண்டிய இடம் அவருக்கு விளங்காம நான்தான் பிழையாக் கீறி அனுப்பிட்டன். ஊனக் கைக்கு வில் எதுக்கு? நாளைக்கு நான் வரல்ல. எண்ட பேர வெட்டி விடுங்க."

முந்தானைக்குள் கை போயிற்று. மற்றக் கை பெட்டியை இழுத்து மூடப் போனது.

கனகரத்தினம் எழுந்து வந்தார். எல்லோருக்கும் முன்னால் சட்டைப் பையிலிருந்த அரத்தாளை எடுத்து, விரித்து, பெட்டியின் மேல் வைத்தார். படகு தேய்த்தால் அதில் வெள்ளைத் தூள்தான் படியும். அதில் படிந்திருந்தது கருஞ்சிவப்பு.

"உங்கட கையில பிழையில்லை ரீச்சர். நான் தேய்ச்சனான்."

 மஹ்ரூப் குனிந்து அரத்தாளைப் பார்த்தார்.

"புடைப்பு எண்டு நினைச்சன். பிறகுதான் அந்தக் கடதாசியைக் கண்டனான். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். காத்து எண்டு பொய் சொன்னனான்."

"ஒரு கிழமை" என்றார் ரீச்சர். "ஒரு கிழமை எண்ட கைய நானே ஏசினன், அண்ணன்."

 கனகரத்தினம் தன் மோட்டார் சைக்கிளின் பையிலிருந்து படகுக்குப் பூசும் பசைக் களியை எடுத்து வந்தார். தகரத்தின் மேல் அதை இறுகவைக்கும் மருந்தைக் கலந்து குழைத்தார். புடைப்பு இருந்த இடத்தில் அப்பி, அதன் மேல் ஒரு பொலித்தீன் துண்டை விரித்தார். "பிடியுங்க ரீச்சர். நான் ஒண்டும் செய்யமாட்டன். உங்கட கையே செய்யட்டும்."

 ரீச்சர் இடது கையை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கப் பிடித்தார். பத்து நிமிடம் அழுத்தினார். எடுத்தபோது அந்தச் சிவப்பு மரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புடைப்பு, சுருக்கமும் விரல் பதிவுமாக, அவலட்சணமாக நின்றது.

கனகரத்தினத்தின் விரல்கள் தாமாகச் சட்டைப் பைக்குப் போயின. பை வெறுமையாக இருந்தது. அரத்தாளை ரீச்சர் ஏற்கெனவே மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கனகரத்தினம் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பசை முழுதாக இறுக ஓர் இரவு வேண்டும். போட்டி காலை எட்டு மணிக்கு. ரீச்சரின் பேரை எவரும் வெட்டவில்லை.